அமாவாசைக்கு நடந்த சண்டே கிளாஸ்

சண்டே கிளாஸுன்னா ஞாயித்துக்கிழமை தானே நடக்கணும்? எங்க சர்ச்சுல அமாவாசைக்கு நடந்துச்சு. சிரிக்காதீங்க. அத நடத்துனதே நான் தான். கைநாட்டு வெக்கிற நான் தான் டீச்சரு. இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதிக்கினு இருக்கா. நடுவுல நடுவுல "ஆயா, விசயத்துக்கு வா"ன்னு பேனாவால முட்டியில குத்துறா. வரேன்டி, வரேன்.

எங்க ஊட்டுக்காரரு காஞ்சிபுரத்துல சர்ச்சுக்கு கோயில்பிள்ளை. மணி அடிக்கணும், பெருக்கணும், பெஞ்சு தொடைக்கணும். மிச்ச நேரத்துல சாவிக்கொத்த இடுப்புல சொருவிக்கினு ராசா மாதிரி சுத்திக்கினு இருப்பாரு. காம்பவுண்டுக்குள்ளயே ஒரு ஓட்டு ஊடு எங்களுக்கு. அரிசிக்கு ரேசன் கடையில கியூ நின்ன காலம் அது. எனக்கு முப்பது வயசு இருந்தா அதிகம்.

அதுக்கு முன்ன பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுத்துக்கினு இருந்தது ஒரு படிச்ச அம்மா. அவங்க ஊட்டுக்காரருக்கு வாலாஜாபாத்துக்கு மாத்தல் ஆயிடுச்சு. எங்க ஐயர் என்னைக் கூப்ட்டாரு. ஐயருன்னா பாதிரியாரைத் தான் சொல்றேன். இந்த ஊருல ஐயருன்னா எந்த ஐயருன்னு கேப்பாங்க, அதான் சொல்லி வெக்கிறேன். "ஏம்மா, வேற ஆள் வர்ற வரைக்கும் பிள்ளைங்கள ஒக்கார வெச்சு ரெண்டு பாட்டு சொல்லிக் குடு, போதும்"னாரு. வேற ஆள் எட்டு வருசம் வரல.

சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊட்டுக்காரரு வேதத்துல ஒரு கதை படிப்பாரு. நான் சுண்டலுக்கு கடலை ஊறப்போட்டுக்கினே கேப்பேன். மறுநாள் அதையே என் வாயில போட்டு பிள்ளைங்களுக்கு சொல்லுவேன். நோவா கதையில வெள்ளம் பாலாத்துல தான் வரும். யோனாவ முழுங்குன மீனைச் சொன்னப்ப ஒரு வாண்டு, "அத்தை, அவரு உள்ள போறப்ப முள்ளு குத்தலயா?"ன்னான். "குத்துச்சு. அதனால தான் வெளிய துப்புச்சு"ன்னேன். இத ஐயர் சன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுட்டாரு. அந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல அவருக்கு பாதியில சிரிப்பு வந்து இருமுற மாதிரி சமாளிச்சாரு.

சரி, அமாவாசை. ஞாயித்துக்கிழமை கிளாஸ் வெச்சா ஆறு பிள்ளைங்க வரும். மிச்சம்லாம் தறியில. ரெண்டு பக்கமும் கரை வெச்ச பட்டுச்சேலை நெய்யணும்னா, நெய்றவரு பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை ஒக்காந்து ஒரு கரைக்கு நாடாவ, அதான் ஊடு நூலு ஓடுற கட்டைய, தள்ளிக்கினே இருக்கணும். எங்க சனத்துப் பிள்ளைங்க பாதி அந்த வேலைக்குத் தான் போயிக்கினு இருந்துச்சுங்க. தறிக்கு ஞாயிறு கிடையாது, திங்கள் கிடையாது. மாசத்துக்கு ஒரு நாள், அமாவாசைக்குத் தான் ஊரு பூரா தறி நிக்கும். அன்னிக்கு தெருவுல நடந்தா காது அடைச்ச மாதிரி இருக்கும், அவ்ளோ அமைதி.

"ஐயா, அமாவாசைக்கு கிளாஸ் வெச்சுக்கலாமா?"ன்னேன்.

"அமாவாசையா? சர்ச்சுலயா?"ன்னாரு.

"ஆண்டவருக்கு எல்லா நாளும் ஒண்ணு தானே ஐயா"ன்னேன். நல்லா பேசுவேன் நான் அப்பல்லாம். தாடியைத் தடவிட்டு சரின்னுட்டாரு. தை அமாவாசைக்கு ஆரம்பிச்சோம். இருவத்தி நாலு பிள்ளைங்க வந்துச்சு.

எழுதத் தெரியாதவ யாரு வந்தா யாரு வரலன்னு எப்படி வெப்பேன்? பின்னாடி தாழ்வாரத்துல எங்க ஊட்டுக்காரரு ஒரு பலகையில வரிசையா ஆணி அடிச்சுக் குடுத்தாரு. தறிக்கடியில அறுந்து விழுற பட்டுத் துண்டுங்கள பிள்ளைங்களே கொண்டாந்துச்சுங்க. நாலஞ்சு இழையைச் சேத்து முறுக்கி, ஆளுக்கு ஒரு நூலு, ஆளுக்கு ஒரு கலரு. அரக்கு ஒருத்தன், மாம்பழ மஞ்சள் ஒருத்தி. உள்ள வரப்ப அவனவன் நூலுல அவனவன் ஒரு முடிச்சு போடணும். பன்னெண்டு அமாவாசைக்கு பன்னெண்டு முடிச்சு. மார்கழி மாசம் பன்னெண்டும் இருந்தா பரிசு. அந்த படிச்ச அம்மா விட்டுட்டுப் போன சீமைப் படம் ஒரு கட்டு என்கிட்ட இருந்துச்சு. ஆட்டுக்குட்டிய தோள்ல போட்டுக்கினு ஆண்டவர் நிக்கிற கலர் படம். ஓரத்துல தங்க ரேக்கு மினுமினுங்கும். அதுக்கு அந்த பிள்ளைங்க உயிர விட்டுடும்.

இப்படித் தான் வாய் தவறி வரும் எனக்கு. உயிர விட்டுடும்னு சொல்லிட்டேன் பாரு.

கத்திரிப்பூ கலர் நூலு ஒரு பொண்ணுது. எட்டு வயசு. அப்பன் எங்க சர்ச்சு, அம்மாக்காரி பக்கத்துல கூரம் கிராமத்துல சாமி கும்புடுற ஊட்டுப் பொண்ணு. ஊட்டுல ஒக்காந்து தறிக்காரங்களுக்கு தார் சுத்துவா, நாடாவுக்குள்ள போடுற சின்னக் குழல்ல நூலு ஏத்துற வேலை. பொண்ணு தறியில. இடது கைக்காரி. "இந்தப் பக்கம் ஒக்கார இடது கை தான் தோது"ன்னு தறிக்காரரே ஆசையா வெச்சுக்கினாரு. எங்க கிளாஸ்ல மட்டும் நான் கேலி பண்ணுவேன், "ஏண்டி, அந்தக் கையாலயா சுண்டல் வாங்குற?"ன்னு. "அத்தை, வாய் ஒண்ணு தானே"ன்னுவா. சரியான வாயாடி. அவ முடிச்சும் அப்படித் தான், மத்த பிள்ளைங்க முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சுக்கினு, பட்டாணி மாதிரி பெருசா, தளர்ச்சியா.

ஆடி அமாவாசைக்கு வந்தா. ஏழாவது முடிச்சப் போட்டுட்டு பாயில ஒக்காந்தவ ஒரு மாதிரி சுருண்டுக்கினா. நெத்தியத் தொட்டேன், கொதிக்குது. "ஊட்டுக்குப் போ கண்ணு"ன்னேன்.

"பாதியில போனா கணக்கு உண்டா அத்தை?"ன்னு கேட்டா.

ஏன்னா நான் ஒரு சட்டம் வெச்சிருந்தேன். முடிச்ச போட்டுட்டு சுண்டலுக்கு வரேன்னு கோலி ஆடப் போயிடுவானுங்க. அதனால பாதியில போனா முடிச்ச அவுத்துடுவேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அன்னிக்கு அவ கேட்டப்ப ஒரு பக்கம் ரெண்டு பசங்க மயிரப் புடிச்சு சண்டை, ஒரு பக்கம் அடுப்புல சுண்டல் அடிப்புடிக்குது. "உண்டு கண்ணு, போ"ன்னு ஒரு வார்த்தை. அது என் வாயில வரல. திரும்பி அந்தப் பசங்கள அதட்டப் போயிட்டேன். அவ போகல. கடைசி ஜெபம் வரைக்கும் கண்ண மூடி ஒக்காந்திருந்தா. சுண்டல் வேணாம்னுட்டா.

நாலாம் நாள் செத்துப் போயிட்டா.

யாரும் என்னை ஒரு சொல் சொல்லல. விசக் காய்ச்சல், அந்த வருசம் தெருவுக்கு ரெண்டு போச்சு. கல்லறையில அம்மாக்காரி அழக்கூட இல்ல, கைய மட்டும் பாத்துக்கினு நின்னா. நான் தான் ஊட்டுக்கு வந்து, அடுப்பு பத்த வெக்கிறப்பவும் தண்ணி எறைக்கிறப்பவும், "கணக்கு உண்டா அத்தை"ன்னு அது கேக்குறத கேட்டுக்கினே இருந்தேன். பதில் சொல்லாம விட்டவளுக்குத் தானே அது கேக்கும்?

அவ நூல கழட்டணும்னு தோணல. அப்படியே தொங்குச்சு.

ஆவணி அமாவாசை கிளாஸ் முடிஞ்சு, பாய் சுருட்ட தாழ்வாரத்துக்குப் போறேன், அந்த மாம்பழ மஞ்சள் நூல்காரி பலகைய பாத்துக்கினு நிக்கிறா. "அத்தை, அவளுக்கு எட்டு ஆயிடுச்சு"ன்னா. பாக்குறேன். கத்திரிப்பூ நூலுல எட்டு முடிச்சு. ஏழுக்கு அப்பால, அளந்து வெச்ச மாதிரி அதே தூரத்துல எட்டாவது.

"எவன்டா விளையாடுனது?"ன்னு கத்துனேன். ஒருத்தனும் இல்லங்குறான். பிள்ளைங்களுக்கு பயமே இல்ல, அது தான் எனக்கு இன்னும் பயம். "அவ வந்திருப்பா அத்தை"ன்னு சாதாரணமா சொல்லுதுங்க. ஒரு வாலு, "அடுத்த தபா அவளுக்கும் சுண்டல் வை அத்தை, இல்லாங்காட்டி என்னுத புடுங்குவா"ங்குறான்.

அமாவாசைன்னா இன்னான்னு வெளியூருக்காரங்களுக்கு தெரியாம இருக்கலாம். செத்தவங்களுக்கு சோறு வெக்கிற நாளு. அன்னிக்கு ஊரு பூரா கூரை மேல காக்காய்க்கு எலை போட்டிருப்பாங்க. நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு அது கிடையாதுன்னு தான் சொல்லிக்கினு இருந்தோம். ஆனா அந்த ஊருல பொறந்தவளுக்கு அன்னிக்கு யாரோ பசியோட வருவாங்கன்னு ரத்தத்துல இருக்குது. அந்த நாளா பாத்து கிளாஸ வெச்சவ நான். கூப்ட்டது நான் தானே?

புரட்டாசி வந்துச்சு. மகாளய அமாவாசை, அமாவாசையிலயே பெரிய அமாவாசை. நான் பலகை பக்கத்துலயே நின்னேன். ஒவ்வொரு பிள்ளையும் முடிச்சு போடுறத கண்ணு கொட்டாம பாத்தேன். கத்திரிப்பூ நூல ஒருத்தரும் தொடல. உள்ள போறேன், பாயில மூணாவது வரிசையில ஒரு ஆள் எடம் விட்டு ஒக்காந்திருக்குதுங்க. "ஏன்டா இங்க சந்து?"ன்னேன். "அது அவ எடம்"னுச்சு ஒண்ணு. கதை சொன்னேன். இன்னா கதைன்னு இப்ப ஞாபகம் இல்ல, அப்பவும் இல்ல. கடைசி ஜெபம் பண்ணோம். எப்பவும் என் ஜெபம் நீளம், "அத்தை ஆமென் சொல்றதுக்குள்ள சுண்டல் ஆறிடும்"பானுங்க. அன்னிக்கு ரெண்டே வரியில முடிச்சுட்டு ஓடுனேன்.

ஒம்பது.

ஐயர்கிட்ட போயி அழுதேன். அவரு வந்து பாத்தாரு. "பிள்ளைங்க வேலைமா. சிநேகிதிக்காக எதாவது ஒண்ணு போட்டிருக்கும். அந்த நூல கழட்டிடு"ன்னாரு. நான் நின்ன எடத்துலயே நின்னேன். அவரு கழட்டியிருக்கலாம், அவரும் கை வெக்கல.

அதுக்குள்ள ஊருல பேச்சு. பிள்ளைங்க வாய மூட முடியுமா? தண்ணிக் குழாயில தறிக்காரரு சம்சாரம் ஒண்ணு, "இன்னாம்மா, அமாவாசைக்கு சர்ச்சுல பேய ஓட்டுறீங்களா, கூப்புடுறீங்களா?"ன்னுச்சு. "ஓட்டுனா உன் ஊட்டுக்குத் தான் வரும், கதவ சாத்தி வை"ன்னு நானும் சொல்லிட்டேன். வாய் தான் அப்படி. கொடத்த தூக்கிக்கினு ஓட்டமா வந்ததுல பாதித் தண்ணி சேலையில. ஐப்பசிக்கு பதினேழு பேரு தான் வந்தாங்க. நூலுல பத்து. கார்த்திகைக்கு பதினோரு பேரு, நூலுல பதினொண்ணாவது முடிச்சு. ஐயர் சொன்னாரு, "மார்கழியோட நிறுத்திக்கலாம்மா. பிள்ளைங்களுக்கு பயமா இருக்குது." பிள்ளைங்களுக்கு இல்ல, பெத்தவங்களுக்கு. எனக்கு நிறுத்துனா போதும்னும் இருந்துச்சு, நிறுத்துனா அவ பன்னெண்டாவதுக்கு எங்க போவான்னும் இருந்துச்சு.

எங்க ஊட்டுக்காரரு தான் சொன்னாரு. "ஏம்மே, முடிச்சு எப்ப விழுது?"

"ஜெபத்துக்கு முன்ன பாத்தா இல்ல, அப்பால பாத்தா இருக்குது."

"அப்ப கண்ணத் தொறந்துக்கினு ஜெபம் பண்ணு."

"ஐயய்யோ, பாவம் இல்லையா?"

"பாவத்த நான் ஏத்துக்குறேன், நீ பாரு"ன்னாரு. நாப்பது வருசம் குடும்பம் பண்ணதுல அந்த மனுசன் எனக்காக ஏத்துக்கினது அந்த ஒரு பாவம் தான்.

மார்கழி அமாவாசை. பரிசு நாளு. படக்கட்டு மேசை மேல. பிள்ளைங்க கண்ண மூடிக்கினு கை கூப்புச்சுங்க. நான் ஜெபத்த ஆரம்பிச்சேன், வாய் பாட்டுக்கு போவுது, ஒத்தக் கண்ணு பின்வாசல்ல. பின்பக்கம் கதவு பாதி தொறந்திருக்கும், அது வழியா பலகை தெரியும்.

ஒரு கை வந்துச்சு. வளையல் இல்லாத கை. வாயில "பரலோகத்துல இருக்குற"ன்னு வந்தது அப்படியே நின்னுடுச்சு. அப்பால சேலை தெரிஞ்சுது. அப்பால மொகம். அவ அம்மாக்காரி.

ஆமென் கூட சொல்லல, எழுந்து போனேன். அவ ஓடல. முடிச்சு போட்ட நூல கையில புடிச்சுக்கினு, மாட்டிக்கினவ மாதிரி நின்னா.

"நீயா தங்கச்சி?"

"நீங்கள்லாம் கண்ண மூடிக்கினு இருக்குறப்ப வருவேங்க்கா. பன்னெண்டு ஆவலன்னா படம் இல்லன்னு எம்பொண்ணு சொல்லியிருந்தா. செத்த பிள்ளைக்கு முடிச்சு உண்டா இல்லையான்னு உங்கள கேக்க பயம். இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா?"

அவளே சொன்னா. "கடைசி ரெண்டு நாளு நெனவு இல்ல அவளுக்கு. என் முந்தானை நுனியப் புடிச்சு முடிச்சு போட்டுக்கினே இருந்தா. நான் அவுப்பேன், அவ போடுவா. பாதியில எழுந்து போயிட்டேனாம்மா, கணக்கு உண்டாம்மான்னு கேட்டுக்கினே இருந்தா. எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

எனக்குப் புரிஞ்சுது. அவ கையப் புடிச்சுக்கினு எல்லாத்தையும் சொன்னேன். ஆடி அமாவாசைக்கு அவ கேட்டது, நான் பதில் சொல்லாம திரும்புனது, எல்லாம். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ கையில இருந்த நூல விட்டுட்டு, "படத்த குடுங்கக்கா"ன்னா. அவ்ளோ தான்.

படத்த எடுத்தாந்து குடுத்தேன். முந்தானையால தொடச்சு மாருல வெச்சுக்கினா. நான் அப்ப தான் மொத தபாவா அந்த நூலத் தொட்டேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனா விரலுக்கு முடிச்சு தெரியும். மொத ஏழும் அவ முடிச்சு, பட்டாணி மாதிரி. எட்டாவது கடுகு மாதிரி இறுக்கம், தார் சுத்துறப்ப நூலு அறுந்தா போடுற முடிச்சு, அம்மாக்காரியோடது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, எல்லாம் கடுகு. நடுவுல ஒம்பதாவது மட்டும் விரல்ல பெருசா தட்டுச்சு.

"இது ஏன் இப்படி போட்ட?"ன்னேன்.

அவளும் தொட்டுப் பாத்தா. மொகம் மாறுச்சு. "ஒம்பதாவது எந்த மாசங்க்கா?"

"புரட்டாசி."

"புரட்டாசிக்கு நான் வரலக்கா. எங்கம்மா ஊட்டுல படையல் போட கூரத்துக்கு போயிட்டேன். பதினொண்ணு தான் ஆவும்னு பயந்துக்கினு தான் இன்னிக்கு வந்தேன். ரெண்டு முடிச்சா போட்டுடலாம்னு."

ரெண்டு பேரும் அந்த முடிச்ச மாத்தி மாத்தி தொட்டோம். தளர்ச்சியா, பட்டாணி மாதிரி, அந்த எதிர்ப்பக்கம் சாஞ்சுக்கினு. எங்க கிளாஸ்ல இடது கைக்காரி அவ ஒருத்தி தான். அம்மாக்காரி அழுதா. அந்த அஞ்சு மாசத்துல அப்ப தான் அழுதா. எனக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க, பயமே இல்ல. உள்ள பிள்ளைங்க ஆமென் வரலன்னு இன்னும் கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்குதுங்க. ஒண்ணு, "அத்தை, செத்துட்டியா?"ன்னு கத்துது.

ஐயர்கிட்ட சொன்னேன். எந்தப் பிள்ளையாவது அவள மாதிரியே போட்டிருக்கும்னாரு. இருக்கலாம். பிள்ளைங்க எதையும் செய்யும். நான் கண்ணு கொட்டாம பாத்தேன்னு சொன்னேன் இல்ல, ஜெபத்தப்ப மூடுனேனே. ரெண்டு வரி ஜெபம் தான். ஒரு முடிச்சுக்கு அது போதும்.

கிளாஸ் நிக்கல. அம்மாக்காரியே குழாயடியில போயி, அது நான் போட்ட முடிச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. ஒம்பதாவத மட்டும் சொல்லல. அது எங்க ரெண்டு பேருக்குள்ள. அடுத்த தைக்கு பதினெட்டு பேரு வந்தாங்க. எடுத்த எடுப்புல சொன்னேன், "உடம்பு முடியலன்னா வராதீங்க, பாதியில போனாலும் பரவால்ல, முடிச்ச நான் போடுறேன்"னு. "அப்ப நாங்க வராமலே இருந்துக்கறோம் அத்தை, நீயே பன்னெண்டும் போட்டுடு"ன்னான் அந்த வாலு. போட்டேன்டா. உனக்கும் நாலு நான் போட்டது தான்.

அந்த நூலு என்கிட்ட தான் இருக்குது. அம்மாக்காரி படத்த எடுத்துக்கினா, நூல என்கிட்ட விட்டுட்டா. எனக்குப் படிக்கத் தெரியாத வேதப் புத்தகத்துக்குள்ள வெச்சிருக்கேன். கலரு போயி சாம்பலா கெடக்குது. அமாவாசைக்கு அமாவாசை எடுத்து, மொத முடிச்சுல இருந்து விரலாலயே எண்ணிக்கினு வருவேன். ஒம்பதாவதுக்கு வந்தா கொஞ்சம் நிப்பேன். அன்னிக்கு சொல்லாதத அங்க சொல்லுவேன்.

உண்டு கண்ணு. பாதியில போனாலும் கணக்கு உண்டு.